கிருமியை அடையாளம் கண்டு ஊரைக் காத்த பினாங்கு மருத்துவர்

ஜார்ஜ்டவுன்: முகக்கவரி என்றதும் நமக்குக் கோவிட் காலம்தான் நினைவுக்கு வரும். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, ஒரு கொள்ளைநோயின்போது மக்களை அதை அணியச் செய்தவர் பினாங்கில் பிறந்தவர். அவர்தான் டாக்டர் வூ லியன் தே.

1879இல் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், பினாங்கு ஃபிரீ பள்ளியில் படித்தார். உபகாரச் சம்பளம் பெற்று கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். ஊர் திரும்பி, லெபோ சூலியாவில் கிளினிக் நடத்தினார். 1908இல் சீனா சென்றார்.

1910 இறுதியில் வடசீனாவின் ஹார்பின் வட்டாரத்தில் மக்கள் காய்ச்சல் கண்டு, இரத்தமாக இருமி, சில நாளில் மடிந்தனர். பிளேக் நோயோ என்ற சந்தேகம் எழுந்தது. ஆனால், எலிகளை அறுத்துப் பார்த்தும் கிருமி கிடைக்காததால், பிளேக் இல்லை என்றே அங்கிருந்த ஜப்பானிய மருத்துவர் கருதினார்.

உடலை அறுப்பது பெரும் பாவமாகக் கருதப்பட்ட காலம் அது. டிசம்பர் 27 அன்று, இறந்த பெண் ஒருவரின் உடலை டாக்டர் வூ இரகசியமாகப் பரிசோதித்தார். நுரையீரல், மண்ணீரல் போன்றவற்றிலிருந்து எடுத்ததை நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். இரு முனைகளில் மட்டும் சாயம் அடர்ந்த கிருமிகள் தெரிந்தன.

அதோடு அவர் நிறுத்தவில்லை. காரணம், பிளேக் கிருமிக்கு உறவுக் கிருமிகள் உண்டு. மனிதரை அரிதாகவே கொல்லும் அவையும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். முகச்சாயலை மட்டும் நம்பி அண்ணனா தம்பியா என்று சொல்லிவிட முடியாதல்லவா? அதனால், நாம் பெருநாள்களில் செய்யும் அகார்-அகார் கடற்பாசிக் கூழிலேயே அவற்றை வளர்த்தும் பார்த்தார். வளர்ந்தது பிளேக் கிருமிதான்.

எலியில் இல்லாத கிருமி மனித நுரையீரலில் இருந்ததால், நோய் இருமல் வழியே பரவுகிறது என்று முடிவு செய்தார். பஞ்சும் மெல்லிய துணியும் கொண்டு முகக்கவரி செய்யச் சொன்னார். அதை நம்பாத பிரெஞ்சு மருத்துவர் மெனி, முகக்கவரி இன்றி நோயாளிகளைப் பார்த்து, சில நாளில் அதே நோய்க்குப் பலியானார். ஏறக்குறைய 60,000 பேர் மாண்ட அந்த நோய், சில மாதங்களில் அடங்கியது.

1937இல் மலாயா திரும்பிய டாக்டர் வூ, ஈப்போவில் பல்லாண்டு வைத்தியம் பார்த்து, 1960இல் பினாங்கில் காலமானார்.

சளியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வர இரண்டு மூன்று நாளாகும் என்று மருத்துவமனையில் சொன்னால் சலித்துக்கொள்கிறோம். எது கொல்லும் கிருமி, எது சும்மா இருக்கும் கிருமி என்று வளர்த்துப் பார்த்துச் சொல்ல அவகாசம் வேண்டும். அன்று ஹார்பினில் டாக்டர் வூ காத்திருந்ததும் அதற்காகத்தான்.