அணுவிற்கு எண் கண்டவர்

ஒருவரது பெருமையை அளப்பது அவர் வாழ்ந்த ஆண்டுகளின் தொகை அன்று. அவர் ஆற்றிய செயலே ஆகும். இருபத்தேழே ஆண்டுகள் வாழ்ந்து அறிவியலில் அழியாப் புகழ் பெற்ற ஹென்றி மோஸ்லி இதற்குத் தக்க சான்றாவார்.

மோஸ்லி, 1887-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் இங்கிலாந்தில் வேமவுத் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக விளங்கிய உயிரியல் அறிஞர். மோஸ்லிக்கு நான்கு வயது நிரம்புமுன் அவர் காலமானார். அன்னையாரின் அரவணைப்பில் வளர்ந்த மோஸ்லி, ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றார். 1910-இல் மான்செஸ்டர் சென்று, பேரறிஞர் ரூதர்போர்டிடம் ஆராய்ச்சி மேற்கொண்டார்.

அக்காலத்தில் தனிமங்களை அணு எடையின்படியே வரிசைப்படுத்தி வந்தனர். ஆயினும் அம்முறையில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. எடையில் சிறிது குறைந்த நிக்கல், பண்புகளை நோக்கக் கோபால்ட்டுக்குப் பின்னரே நிற்க வேண்டியதாயிற்று. இதன் காரணம் யாது? விடை காண முனைந்தார் மோஸ்லி.

கண்ணாடிக் குழாய் ஒன்றனுள் சிறு வண்டியை அமைத்து, அதன்மீது பல உலோகத் துண்டுகளை வைத்தார். பட்டுக் கயிற்றால் வண்டியை இழுத்து, ஒவ்வோர் உலோகத்தின்மீதும் எலெக்ட்ரான்களை மோதச் செய்தார். அப்போது தோன்றிய எக்ஸ் கதிர்களைப் படிகத்தின்மீது வீழ்த்தி, ஒளிப்படத் தட்டில் கோடுகளாகப் பதிவு செய்தார். கால்சியம் முதல் துத்தநாகம் வரை வரிசையில் ஓரிடம் முன்னேறுந்தோறும், கதிரின் அதிர்வெண்ணுடைய வர்க்கமூலம் ஏறக்குறைய ஒரே அளவில் உயர்ந்தது. தனிமத்தின் இடத்தை உறுதி செய்வது எடை அன்று, அணுக்கருவின் மின்னூட்டமே என்பது இதனால் தெளிவாயிற்று. கோபால்ட் 27, நிக்கல் 28, செம்பு 29 என எண்கள் உறுதிப்பட்டன. 43, 61, 75 ஆகிய இடங்கள் வெறுமையாய் இருப்பதையும் இம்முறை காட்டிற்று. அவற்றிற்குரிய தனிமங்கள் பிற்காலத்தில் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டன.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. ஆய்வுக்கூடத்தை விடுத்துப் பொறியாளர் படையில் சேர்ந்தார் மோஸ்லி. 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள், கலிப்போலிப் போர்க்களத்தில் பகைவர் குண்டுக்கு இரையானார். தம் உடைமையை அறிவியல் ஆராய்ச்சிக்கென ராயல் கழகத்திற்கு அவர் முன்னரே எழுதிவைத்திருந்தார். அத்தகைய அறிஞரைப் போர்முனைக்கு அனுப்பியது நாட்டிற்குப் பேரிழப்பு என ரூதர்போர்டு வருந்தி எழுதினார்.

மோஸ்லி வகுத்த வழி அவரோடு மறைந்துவிடவில்லை. செம்பும் ஆக்சிஜனும் கலந்த மீக்கடத்திகளை 1986-இல் பெட்னோர்ட்சும் முல்லரும் கண்டனர். அறிஞர்கள் அவற்றில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, எந்த ஆற்றலுடைய கதிர் உட்கவரப்படுகிறது என ஆராய்ந்தனர். செம்பு ஓர் ஆற்றலிலும் ஆக்சிஜன் வேறோர் ஆற்றலிலும் கதிரைக் கவர்வதால், இரண்டையும் தனித்தனியே அறிய முடிந்தது. அவற்றுள் பலவற்றில், மின்னோட்டத்திற்கு உதவும் எலெக்ட்ரான் வெற்றிடங்கள் பெரும்பாலும் ஆக்சிஜனைச் சார்ந்திருப்பது புலனாயிற்று. தனிமந்தோறும் எக்ஸ் கதிரின் ஆற்றல் ஒழுங்காக மாறுவதை முதன்முதல் அளந்து காட்டியவர் மோஸ்லியே அன்றோ!

போர் ஒரு வீரனின் உயிரை மட்டும் பறிப்பதன்று. அவன் உலகிற்கு அளித்திருக்கக்கூடிய அறிவையும் பறிக்கின்றது. மோஸ்லியின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.