புஸ்தகம் சுமந்த பிரசங்கியார் ஜான் வெஸ்லி

ஜான் வெஸ்லி என்றதும் திறந்த வெளியில் நின்று ஆயிரக்கணக்கான ஜனங்களுக்குப் பிரசங்கித்த ஒரு தேவ மனிதர்தான் நம் கண்முன் வருகிறார். இங்கிலாந்து தேசம் முழுவதும் ஏறக்குறைய 2,50,000 மைல் அவர் பிரயாணம் பண்ணினார், அதில் பெரும்பகுதி குதிரையின் மேல்தான் என்பதும் அநேகருக்குத் தெரியும். ஆனா அந்தக் குதிரை மேல உட்கார்ந்து அவர் என்ன செய்தார்? ஜெபம் பண்ணினார் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஜெபித்தார்தான். அதோடு கூட, கடிவாளத்தைக் குதிரையின் கழுத்தில் தளரப் போட்டுவிட்டு, மணிக்கணக்காகப் புஸ்தகம் வாசித்தார். கடிவாளத்தை இழுத்துப் பிடிக்காவிட்டால் குதிரை இடறுவதில்லை என்று தன் அனுபவத்தில் கண்டு, அதை மற்றவர்களுக்கும் எழுதி வைத்தார். நம்ம பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தாலே தூங்கிவிடுகிறோம்!

இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது? 1703-ஆம் வருஷம் எப்வொர்த் என்ற கிராமத்தில், ஒரு போதகரின் வீட்டில் பிறந்தவர் வெஸ்லி. 1709-இல் அந்த வீடு தீப்பிடித்து எரிந்தபோது ஐந்து வயதுப் பிள்ளையாக மாடி ஜன்னல் வழியாகத் தூக்கி எடுக்கப்பட்டதை நாம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அவருடைய தகப்பனாரின் புஸ்தகங்களெல்லாம் அந்தத் தீயில் சாம்பலாய்ப் போனதை யாரும் அதிகம் சொல்வதில்லை. அந்த வறுமையிலும் தகப்பனார் மறுபடியும் புஸ்தகங்களைச் சேர்த்தார்.

இனி நான் சொல்லப்போவது தமிழ் கிறிஸ்தவர்களாகிய நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 1712-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில் தகப்பனார் லண்டனுக்குப் போயிருந்தார். மூத்த மகள் எமிலி அவருடைய படிப்பறையில் ஒரு புஸ்தகத்தைக் கண்டெடுத்து, தாய் சூசன்னாவுக்கு வாசித்துக் காட்டினாள். அது டென்மார்க் ராஜா அனுப்பின மிஷனெரிகளைப் பற்றியது. யார் அவர்கள்? 1706-இல் நம்ம தரங்கம்பாடியில் வந்து இறங்கின சீகன்பால்கும் புளுட்சோவும்தான்! தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து அவர்கள் எழுதின கடிதங்கள் ஆங்கிலத்தில் அச்சாகி, ஒரு கிராமத்துப் போதகர் வீட்டு அலமாரி வரைக்கும் போயிருந்தது.

அதைக் கேட்ட சூசன்னாவுக்குப் பல நாட்கள் வேறொன்றும் மனதில் ஓடவில்லை. நான் மிஷனெரியாகப் போக முடியாது, ஆனாலும் கையில் கொடுக்கப்பட்ட ஆத்துமாக்களுக்கு இன்னும் அதிகம் செய்யலாமே என்ற பாரம் வந்தது. வாரத்தில் ஒவ்வொரு நாள் மாலையும் ஒரு பிள்ளையைத் தனியே உட்கார வைத்துப் பேசத் தொடங்கினார்கள். வியாழக்கிழமை எட்டு வயது ஜானுடைய முறை. ஞாயிறு மாலையில் சமையலறையில் நடந்த குடும்ப ஜெபத்துக்கு முதலில் வேலைக்காரர்கள், பிறகு அக்கம்பக்கத்தார் என்று கூட்டம் பெருகி இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அங்கிருந்த உதவிப் போதகருக்கு இது பிடிக்கவில்லை. லண்டனுக்குப் புகார் போனது. அந்த அம்மா அசையவில்லை. பெரியவனான பிறகும் ஜான் அந்த வியாழக்கிழமை மாலைகளை மறக்கவேயில்லை.

1725-இல் ஆக்ஸ்போர்டில் இருக்கும்போது தாமஸ் கெம்பிஸ், ஜெரமி டெய்லர் இவர்களின் புஸ்தகங்களை வாசித்தார். வாசித்துவிட்டு மூடி வைக்கவில்லை. இதில் இன்ன பகுதி எனக்கு ஒத்துவரவில்லை, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். அம்மாவும் விவரமாய்ப் பதில் எழுதினார்கள். ஒரு தாயும் மகனும் ஒரே புஸ்தகத்தைப் பற்றிக் கடிதத்தில் பேசிக்கொள்வது எவ்வளவு பெரிய பாக்கியம்! டெய்லரின் புஸ்தகம் நேரத்தைக் குறித்த உணர்வை அவருக்குள் உண்டாக்கிற்று. அந்த வருஷம்தான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார்.

அவருடைய தம்பி சார்லஸும் சளைத்தவரல்ல. அதே ஆக்ஸ்போர்டில் பணக்கார மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்து படித்துக்கொண்டிருந்த ஒரு ஏழைப் பையனைக் காலை உணவுக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு புஸ்தகத்தையும் கொடுத்து அனுப்பினார். அது ஹாலே பட்டணத்துப் பிராங்கே எழுதினது. சீகன்பால்கு அந்தப் பிராங்கேயிடம் கற்றவர். கொஞ்ச நாள் கழித்து ஹென்றி ஸ்கூகல் எழுதின இன்னொரு புஸ்தகத்தையும் இரவல் கொடுத்தார். அதை வாசித்தபோது, நல்ல காரியங்களைச் செய்வது மட்டும் மார்க்கமல்ல, மறுபிறப்பு வேண்டும் என்று அந்தப் பையன் உடைந்துபோனான். அவன்தான் ஜார்ஜ் ஒயிட்பீல்டு! இரண்டு கண்டங்களை அசைத்த ஊழியம் ஒரு இரவல் புஸ்தகத்தில் ஆரம்பித்தது. இரவல் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காதவர்கள் நம்ம சபையிலும் இருக்கிறாங்க, அது வேற கதை.

1738 மே மாதத்தில் சார்லஸின் கையில் லூத்தர் எழுதின கலாத்தியர் விளக்கம் ஒரு நண்பர் மூலம் வந்தது. சில நாட்களில் அவர் சமாதானம் பெற்றார். மே 24-ஆம் தேதி ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில் யாரோ ஒருவர் லூத்தரின் ரோமர் முன்னுரையை வாசிக்க, ஜானுடைய இருதயமும் அனலுண்டது. அந்த அனுபவத்தை நாம் எல்லாரும் அறிவோம்.

அதன்பின் வெஸ்லி தான் பெற்றதைப் பூட்டி வைக்கவில்லை. அந்த நாட்களில் புஸ்தகம் என்றால் பணக்காரர் வீட்டுப் பொருள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவன் எங்கே போவான்? ஆகவே பெரிய புஸ்தகங்களைச் சுருக்கி, கடினமான வார்த்தைகளை எளிதாக்கி, சின்ன சின்னதாக மலிவு விலையில் அச்சடித்தார். வார்த்தைக்கு அர்த்தம் தெரியாதவர்களுக்கு 1753-இல் ஒரு அகராதியே போட்டார். 1749 முதல் 1755 வரை 50 பாகங்களில் கிறிஸ்தவ நூலகம் என்ற வரிசையை வெளியிட்டார். அதில் ஆதிச் சபைப் பிதாக்கள், பியூரிட்டன் பக்தர்கள் மட்டுமல்ல, பாஸ்கல் போன்ற கத்தோலிக்கர்களும் உண்டு. நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொடுத்தார். அதில் 200 பவுனுக்கு மேல் நஷ்டம், ஆனாலும் நிறுத்தவில்லை. மற்றப் புஸ்தகங்களில் எதிர்பாராமல் வந்த லாபத்தையோ ஏழைகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டார்.

அவருடைய உதவி ஊழியர்கள் சேணப்பையில் புஸ்தகங்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார்கள். ஒவ்வொரு சங்கத்திலும் புஸ்தகம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் கடமை.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. எனக்கு வேதம் ஒன்றே போதும், வேறொன்றும் வாசிக்கமாட்டேன் என்று சில ஊழியர்கள் சொன்னார்கள். கேட்க எவ்வளவு பக்தியாய் இருக்கிறது! நம்ம மத்தியிலும் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. வெஸ்லியோ தன்னை ஒரே புஸ்தகத்தின் மனுஷன் என்று சொல்லிக்கொண்டவர். ஆனால் 1766-இல் நடந்த மாநாட்டில் இந்தப் பேச்சை ஏற்றுக்கொள்ளவேயில்லை. பவுல் அப்போஸ்தலனே சிறையிலிருந்து புஸ்தகங்களைக் கொண்டுவரச் சொன்னாரே, நீங்கள் அவரையும் மிஞ்சிவிட்டீர்களா என்று கேட்டார். தினமும் ஐந்து மணி நேரமாவது வாசிக்க வேண்டும் என்றார். வாங்கப் பணமில்லையா? வாசிக்க வாசிக்க ஐந்து பவுன் மதிப்பு வரை நானே தருகிறேன் என்றார். வாசிக்கப் பிரியமில்லையா? பழகிக்கொள், இல்லாவிட்டால் பழைய தொழிலுக்கே திரும்பிப் போ என்று விட்டார்! 1760-இல் ஒரு பிரசங்கியாருக்குக் கடிதம் எழுதி, நீர் வாசிக்காதபடியால்தான் உம்முடைய பிரசங்கம் ஏழு வருஷமாய் வளராமல் நிற்கிறது என்று ஒளிக்காமல் சொன்னார்.

எல்லாரும் அவரிடம் இதைக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஷேக்ஸ்பியர் நாடகப் புஸ்தகத்தில் ஓரங்களில் வெஸ்லி தன் கையாலேயே குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். அவர் மரித்தபின் ஜான் பாசன் என்ற பிரசங்கியார் அது பக்திவிருத்திக்கு உதவாது என்று எரித்துவிட்டார். வைராக்கியம் நல்லதுதான், ஆனா இது எனக்கு மனசுக்கு வருத்தம்.

1772-இல் அடிமை வியாபாரத்தைக் குறித்து ஆந்தனி பெனசெட் எழுதின புஸ்தகம் வெஸ்லியின் கைக்கு வந்தது. வாசித்துக் கலங்கினார். 1774-இல் தானே அதைக் குறித்து ஒரு புஸ்தகம் எழுதி வெளியிட்டார்.

1791 பிப்ரவரி. வயது 87. கண் மங்கிவிட்டது, பெலன் குறைந்துவிட்டது. அப்போதும் அவரிடம் ஒரு புஸ்தகம் இருந்தது. அது ஒலாடா எக்கியானோ என்ற ஆப்பிரிக்கர் 1789-இல் வெளியிட்ட சொந்த ஜீவிய சரித்திரம். பிள்ளைப் பிராயத்தில் பிடிக்கப்பட்டு, கப்பலில் ஏற்றப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு, தன்னைத்தானே விலை கொடுத்து மீட்டுக்கொண்டு, கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர் அவர். வெள்ளைக்காரன் ஒருவனால் தீங்கு செய்யப்பட்ட கறுப்பு மனிதனின் சாட்சி அந்தக் குடியேற்ற நாடுகளின் நீதிமன்றத்தில் செல்லாது என்று அதில் கண்டபோது வெஸ்லியின் ஆவி கொதித்தது. பிப்ரவரி 24-ஆம் தேதி பாராளுமன்றத்தில் போராடிக்கொண்டிருந்த வில்பர்போர்சுக்குக் கடிதம் எழுதினார். இன்று காலையில் வாசித்த புஸ்தகத்தில் இதைக் கண்டேன், நீர் சோர்ந்துபோகாமல் போராடும் என்பதே அதன் சாரம். அதுதான் அவருடைய கடைசிக் கடிதம் என்று சொல்லப்படுகிறது. மார்ச் 2-ஆம் தேதி கர்த்தரிடத்தில் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த மாதமே வில்பர்போர்சின் தீர்மானம் பாராளுமன்றத்தில் தோற்றது. அவர் சோர்ந்துபோகவில்லை. 1807-இல் அடிமை வியாபாரம் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.