செம்பைக் காப்பாற்றித் தோற்ற ஹம்ப்ரி டேவி

என்ஜின் நல்லா ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க. கூலன்ட் செம்மண் நிறத்தில் இருந்தால், உள்ளே அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பிளாக் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம், பழைய வண்டி என்றால் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். நடுவில் மின்சாரம் கடத்தும் திரவம். அதாவது, வண்டிக்குள்ளேயே ஒரு குட்டி பேட்டரி! இந்த பேட்டரியின் வேலையைப் புரிந்துகொண்டு, அதை நமக்குச் சாதகமாகத் திருப்பிக் காட்டியவர் ஹம்ப்ரி டேவி. அதுவும் காரே இல்லாத காலத்தில்.

டேவி 1778-இல் இங்கிலாந்தின் பென்சான்ஸ் ஊரில் பிறந்தார். அப்பா மரச்சிற்ப வேலை செய்தவர். டேவிக்கு 16 வயது முடிவதற்குள் இறந்துவிட்டார். குடும்பம் கடனில். ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்த பையன், வேதியியலைத் தானே படித்தான். 1801-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை. 1807-இல் மின்சாரத்தைப் பாய்ச்சி பொட்டாசியம், சோடியம் இரண்டையும் பிரித்தெடுத்தார். 1815-இல் சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கு. அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. 1820-இல் ராயல் சொசைட்டியின் தலைவர். நம்ம ஃபாரடே இருக்காரே, அவர் இவருக்கு உதவியாளராக இருந்தவர்தான்.

1823-இல் பிரிட்டிஷ் கடற்படை ஒரு சிக்கலோடு வந்தது. மரக்கப்பல்களின் அடிப்பகுதியில் புழு துளைக்காமலும் பாசி, சிப்பி ஒட்டாமலும் இருக்கச் செம்புத் தகடு அடிப்பார்கள். அந்தச் செம்பைக் கடல்நீர் அரித்துத் தின்றது. செம்பில் அழுக்கு கலந்திருப்பதுதான் காரணம் என்று பலர் நினைத்தார்கள். டேவி இதை ஒரு மின்வேதியியல் கேள்வியாகப் பார்த்தார். செம்போடு அதைவிட எளிதில் கரையும் உலோகத்தை ஒட்டி வைத்தால், அது கரையும், செம்பு பிழைக்கும். பட்டாணி அளவு துத்தநாகம் 40 முதல் 50 சதுர அங்குலச் செம்பைக் காத்தது. 1824-இல் முடிவுகளை வெளியிட்டார். கப்பல்களில் இரும்பு, துத்தநாகத் துண்டுகள் ஏறின.

செம்பு அரிக்கவே இல்லை. ஆனா, அங்கேதான் ஆப்பு! செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததுதான் பாசிக்கும் சிப்பிக்கும் விஷமாக இருந்திருக்கிறது. கரைவது நின்றதும் அவை கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டன. கப்பல் வேகம் குறைந்தது. 1825-இல் கடற்படை அந்தத் துண்டுகளைக் கழற்றச் சொன்னது. கேலி, விமர்சனம் எல்லாம் டேவியின் தலையில் விழுந்தன. உடல்நலமும் கெட்டது. 1827-இல் தலைவர் பதவியை விட்டார். 1829-இல் ஜெனீவாவில் இறக்கும்போது வயது 50.

அவர் வேதியியலில் தப்பே இல்லை. இன்றும் எஃகுக் கப்பல், புதைகுழாய், படகு என்ஜின் எல்லாவற்றிலும் அவர் வழிதான். வீட்டு கீசருக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பியும் அதே தத்துவம். தோற்றது எங்கே? ஒரு பாகத்தைக் காப்பாற்றும்போது, அந்தப் பாகம் செய்துகொண்டிருந்த இன்னொரு வேலையைக் கணக்கில் எடுக்காததில்.

கூலன்டிலும் இதே கதைதான். அரிப்பைத் தடுக்கும் ரசாயனங்கள் உலோகத்தின் மேல் மெல்லிய படலம் போட்டுக் காக்கின்றன. டேவியின் துத்தநாகம் மாதிரியே இவையும் ஓட ஓடத் தீர்ந்துபோகும். டேங்கில் அளவு சரியா இருக்கு என்பதற்காகப் பாதுகாப்பும் இருக்கு என்று நம்பாதீங்க. கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றுங்க. உப்பு கலந்த போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீர் போதும். கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றவும் வேண்டாம். கிளைக்கால் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தை எடுத்துச் செல்லாது. அரிப்பைத் தடுக்கப் போய், என்ஜினைக் குளிர்விக்கும் முதல் வேலையில் கோட்டை விட்டுவிடுவோம். டேவியின் கப்பலுக்கு நடந்தது அதுதானே?