கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார்

நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கைக் கடந்து, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கிய நம் பாட்டன்மார் பலருக்கு ‘ரஜூலா’ மறக்க முடியாத பெயர். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்குச் சொந்தமான கப்பல் அது. அந்தக் கம்பெனியையே எதிர்த்து, ரஜூலா கட்டப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கப்பல் விட முனைந்தவர் வ.உ.சிதம்பரனார்.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தூத்துக்குடியில் பெயர்பெற்ற வக்கீலாக விளங்கினார். கொழும்புக்குச் செல்லும் கடல்வழி வெள்ளையர் கையில் இருந்தது அவரை உறுத்தியது. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார். பாண்டித்துரைத் தேவர் தலைமை ஏற்றார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தை வெகுவாகக் குறைத்து மோதியது.

அதன் தூத்துக்குடி முகவர்களான ஹார்வி நிறுவனத்தாரே கோரல் ஆலையையும் நடத்தினர். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறையும் இல்லை. 1908 பிப்ரவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன.

மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி. கைதானார். அதே தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் தமக்கென எதையும் கேட்கவில்லை. கூலிக்காக நின்றவர்கள், தம்மை மனிதராக மதித்தவருக்காகக் கூலியையே இழக்கத் துணிந்தனர்.

நாற்பது ஆண்டுத் தண்டனை, மேல்முறையீட்டில் ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912இல் விடுதலையாகி வந்தபோது கம்பெனி கலைந்திருந்தது. வறுமையோடு போராடி, 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார்.

எதிரியின் பலமும் அரசின் அடக்குமுறையும் கம்பெனியை வீழ்த்தின என்பது உண்மை. ஆனால் அவர் இல்லாத நாளில் அந்த நோக்கத்தைத் தோளில் தாங்க, அலுவலகத்தில் போதிய ஆளில்லை. ஆலை வாசலில் இருந்தனர். பொன்விழாக் காணும் எந்தச் சங்கமும் எண்ணிப் பார்க்க வேண்டியது இது: நம் நோக்கம் தலைவர் ஒருவரின் நெஞ்சில் மட்டும் இருக்கிறதா, கடைசி உறுப்பினர் வரை இறங்கியிருக்கிறதா?