செவ்வாய்க்குத் திகதி குறித்த வொன் பிரவுன்

செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதனை அனுப்பும் தொழில்நுட்பம் தயாராகிவிட்டது என்று சொல்லி, சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை யாராவது ஒரு திகதி குறிக்கிறார்கள். இப்போது அது எலன் மஸ்க். அவருக்கு வெகு முன்னரே திகதி குறித்தவர், மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பிய ரொக்கெட்டை உருவாக்கிய வேர்னர் வொன் பிரவுன்.

1912 இல் ஜேர்மனியப் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்த அவர், 20 வயதில் இராணுவத்தின் ரொக்கெட் ஆய்வில் சேர்ந்தார். அவரது குழு உருவாக்கிய வீ-2 ரொக்கெட் 1944 செப்டெம்பர் முதல் லண்டன் மக்கள் மீது விழுந்தது. அதைத் தயாரித்தவர்கள் மிட்டெல்பாவ்-டோரா வதைமுகாமின் கைதிகள். மலையைக் குடைந்த சுரங்கங்களில் பட்டினியோடும் நோயோடும் வேலை வாங்கப்பட்ட அந்த முகாமின் சுமார் 60,000 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டுபோனார்கள். வீ-2 தாக்கி இறந்தவர்களை விட இந்தத் தொகை அதிகம். எஸ்.எஸ். அதிகாரியுமாக இருந்த வொன் பிரவுன் அந்தத் தொழிற்சாலைக்குப் பல தடவைகள் போய் வந்தவர். 1945 இல் அமெரிக்கா அவரை விசாரணைக் கூண்டில் ஏற்றாமல் வேலைக்கு எடுத்துக்கொண்டது. சந்திரப் பயணத்தைப் புகழ்பவர்கள் இந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

டெக்சாஸில் இருந்தபோதே அவர் செவ்வாய்ப் பயணத்தைக் கணக்கிட்டார். 1952 இல் அது நூலாக வந்தது. 10 கப்பல்கள், 70 பேர், போய்வர இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல். பாகங்களையும் எரிபொருளையும் புவிச் சுற்றுப்பாதைக்கு ஏற்ற மட்டும் 950 பறப்புகள். செவ்வாயில் இறங்குவதற்கு இறக்கை வைத்த விமானங்கள். அங்குள்ள வளி அவற்றைத் தாங்கும் என்றே அன்றைய விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருந்தனர். 1965 ஜூலையில் மரினர்-4 விண்கலம் செவ்வாயைக் கடந்தபோதுதான், அங்குள்ள வளியமுக்கம் பூமியினதில் ஒரு சதவீதத்தையும் எட்டாது என்பது தெரியவந்தது. அந்த இறக்கைகளை நம்பி இறங்கியிருந்தால் ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் அவர் ஓயவில்லை. 1969 ஓகஸ்டில், மனிதன் சந்திரனில் கால் வைத்து இரண்டு வாரங்கள் கழித்து, புதிய திட்டமொன்றை முன்வைத்தார். இரண்டு கப்பல்கள், 12 பேர், அணுசக்தி ரொக்கெட். 1982 இல் தரையிறக்கம். ஜனாதிபதி நிக்சன் அதை ஏற்கவில்லை. 1972 இல் விண்ணோடத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு வொன் பிரவுன் நாசாவை விட்டு விலகினார்.

பணம் கொடுத்திருந்தால் போயிருக்கலாம் என்று அவரது அபிமானிகள் சொல்வதுண்டு. கியூரியோசிட்டி விண்கலம் 2011-12 இல் வழிநெடுக அளந்த கதிர்வீச்சை வைத்துப் பார்த்தால், போகவும் வரவும் மட்டும் ஒருவர் சுமார் 0.66 சீவர்ட் ஏற்க நேரிடும். தன் வீரர் ஒருவருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் நாசா அனுமதிப்பது 0.6. இதைப் பணம் மட்டும் தீர்க்காது.

1977 ஜூன் 16 இல் புற்றுநோயால் அவர் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு, ஆளில்லா வைக்கிங் கலம் பரசூட்டினதும் எதிர்விசை ரொக்கெட்டுகளினதும் துணையுடன் செவ்வாயில் இறங்கியது. எடை சுமார் 600 கிலோ. 2021 இல் அங்கு இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் எடை ஒரு தொன்னைச் சற்றே தாண்டும். மனிதர்களை இறக்கும் கலமோ பல மடங்கு கனமானதாக இருக்க வேண்டும்.