பனிமலை வீரர் தென்சிங் நோர்கே

கல்லூரி விழா மலரொன்றில், எழுதவும் வாசிக்கவும் கல்லாத ஒருவரின் வரலாறு இடம்பெறுவது அன்பர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், உலகின் மிகவுயர்ந்த கொடுமுடியில் முதன்முதலாக நின்ற இருவருள் ஒருவர் அவர். அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் இளைஞர்க்கு மலையேற்றம் பயிற்றிய ஆசிரியரும் அவரே. வழிகாட்டுதல் என்பது யாது, கற்பித்தல் என்பது யாது என்னும் வினாக்களுக்குத் தம் வாழ்வையே விடையாக விட்டுச் சென்ற தென்சிங் நோர்கே அவர்களின் வரலாற்றை, மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் முதலாய நம் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே மணற்பரப்பில் அமைந்தவை. தென்னையும், கோயிற் கோபுரமும், பள்ளிவாசல் மினாராவுமே நாம் நாளும் காணும் உயரங்கள். மலையேறுதல் என்றதும் நம் நினைவுக்கு வருவது சிவனொளிபாத மலை. நம் முஸ்லிம் சகோதரர் அதனையே பாவா ஆதம் மலை என்பர். அதன் உயரம் 7,359 அடி. அத்தகைய மலைகள் ஏறக்குறைய நான்கினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போன்றது எவரெஸ்ட். எனினும், இமயம் நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1892ஆம் ஆண்டிற் காரைதீவிற் பிறந்து கல்முனையிற் கல்வி பயின்ற விபுலாநந்த அடிகள், 1939ஆம் ஆண்டு முதல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் தங்கி, பிரபுத்த பாரத என்னும் ஆங்கில ஏட்டின் ஆசிரியராய் விளங்கினார். அடிகள் எழுதுகோல் ஏந்தி இமயத்தில் வாழ்ந்தார். தோளிற் சுமையேந்தி அம்மலையில் வாழ்ந்தவர் தென்சிங்.

அவர் பிறந்தது 1914ஆம் ஆண்டில். பிறந்த நாளைக் குறித்து வைப்பார் அக்குடும்பத்தில் இலர். பிறந்த இடம் எவரெஸ்ட்டின் வடகிழக்கே திபெத்திலுள்ள கார்த்தாப் பள்ளத்தாக்கு என்பர் ஒருசாரார். நேபாளத்துக் கும்புப் பகுதி என்பர் மறுசாரார். வளர்ந்தது கும்புவிலுள்ள தாமே என்னும் சிற்றூரில். கிழக்கிலிருந்து வந்தோர் என்று பொருள்படும் ஷெர்பா என்னும் பெயருடைய இனத்தார் பல தலைமுறைகளாக வாழும் நிலம் அது. தந்தையார் யாக் எனப்படும் கவரிமாடு மேய்ப்பவர். பதின்மூன்று பிள்ளைகளுட் பதினொராவதாகப் பிறந்த இவருக்குப் பெற்றோர் முதலில் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. உடன்பிறந்தோர் பலர் இளமையிலேயே இறந்தனர். பௌத்தத் துறவியொருவரின் அறிவுரைப்படி, செல்வமும் நல்லூழும் சமயப் பற்றும் உடையவன் எனப் பொருள்படும் தென்சிங் நோர்கே என்னும் பெயர் பின்னர் இடப்பெற்றது. சிறுவனைத் துறவியாக்க எண்ணி மடத்துக்கும் அனுப்பினர். அவனோ அங்குத் தரிக்காது வீடு திரும்பினான். மந்தையை ஓட்டிச் செல்லும்போதெல்லாம், தன் மக்கள் சோமோலுங்மா என வழிபடும் எவரெஸ்ட்டே அவன் கண்முன் நின்றது.

அக்காலத்தில் நேபாள அரசு அந்நியர்க்குத் தன் எல்லையைத் திறந்திலது. ஆதலின் எவரெஸ்ட்டை நாடிய ஆங்கிலேயக் குழுக்கள் இந்தியாவிலுள்ள டார்ஜிலிங் நகரிற் கூடி, அங்கே சுமையாளரைத் தெரிந்துகொண்டு, திபெத்து வழியாகச் சென்றன. பிழைப்பை நாடிய ஷெர்பா இளைஞர்க்கு அந்நகரே சந்தையாயிற்று. அத்தொழிலின் ஆபத்தை 1922ஆம் ஆண்டு நிகழ்ச்சியே காட்டும். அவ்வாண்டு எவரெஸ்ட்டின் வடசரிவில் வீழ்ந்த பனிச்சரிவில் மாண்ட எழுவரும் சுமையாளரே. இதனை அறிந்தும் இளைஞர் வந்தவண்ணம் இருந்தனர். வீட்டை விட்டு டார்ஜிலிங் வந்து சேர்ந்த தென்சிங்கும் அவருள் ஒருவர். 1935ஆம் ஆண்டில் எரிக் ஷிப்டன் என்பவரின் குழுவுக்கு ஆள் தெரிந்தபோது, முன்னனுபவம் ஏதுமில்லாத இவ்விருபது வயது இளைஞரும் தெரியப்பட்டார். அவருடைய மலர்ந்த முறுவலே ஷிப்டனின் மனத்தைக் கவர்ந்ததாகக் கூறுவர்.

மலையேற்றக் குழுவின் அமைப்பை ஈண்டுச் சிறிது விளக்குதல் பொருத்தமாகும். மலையின் அடியில் தலைமைப் பாசறை அமையும். அதன்மேல் ஒவ்வொரு நாளைய ஏற்றத்துக்கும் ஒவ்வொரு கூடாரமாக அமைத்துக்கொண்டே செல்வர். உணவு, எரிபொருள், கயிறு, பிராணவாயு நிறைந்த உருளைகள் ஆகிய யாவும் மனிதர் முதுகிலேயே மேலேற வேண்டும். உயரம் மிகுந்தோறும் காற்றின் அழுத்தம் குறையும். எவரெஸ்ட்டின் உச்சியிற் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையிற் கிடைப்பதில் மூன்றிலொரு பங்களவே. இந்நிலையில் ஓரிருவர் உச்சியை அடைதற்கு நூற்றுக்கணக்கானோர் தோள் கொடுத்தல் வேண்டும். சுமையாளரைத் தெரிதல், சுமையைப் பகிர்தல், கூலி தீர்த்தல், பிணக்கை ஒழித்தல் ஆகிய பொறுப்பெல்லாம் சிர்தார் எனப்படும் தலைவனுடையவை. 1936, 1938ஆம் ஆண்டுகளிலும் எவரெஸ்ட்டுக்குச் சென்ற தென்சிங், 1938இல் 27,000 அடிக்கு மேலமைந்த பாசறைக்குச் சுமை கொண்டு சேர்த்தார். அவ்வருஞ்செயலுக்காக இமாலயக் கழகம் அவருக்குப் புலி என்னும் பட்டத்தைச் சூட்டியது.

இரண்டாம் உலகப் போர் மலையேற்றங்களை நிறுத்தியது. தென்சிங் வடமேற்கெல்லையிலுள்ள சித்திராலில் ஆங்கிலேயப் படையதிகாரி ஒருவரிடம் பணியாற்றினார். அங்கே 1944ஆம் ஆண்டில் அவர்தம் முதல் மனைவி தாவா பூத்தி காலமானார். இரு சிறு பெண்மக்களுடன் அவர் டார்ஜிலிங் மீண்டார். 1947ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்துக் குழுவொன்றுடன் கார்வால் பகுதிக்குச் சென்றபோது, சிர்தாராயிருந்த வாங்டி நோர்பு வீழ்ந்து படுகாயமுற்றார். அப்பொறுப்பு இவர்மேல் வந்தது. அவ்வாண்டே கேதார்நாத் கொடுமுடியின் உச்சியை அடைந்தார். 1951இல் நந்தாதேவியிற் பிரெஞ்சு வீரர் இருவர் காணாமற்போயினர். அவரைத் தேடும் முயற்சியில் லூயி துபோ என்பவருடன் நந்தாதேவி கிழக்குக் கொடுமுடியில் ஏறினார். தாம் ஏறியவற்றுள் மிகக் கடினமானது அதுவே என்று பின்னாளில் அவர் கூறியதுண்டு.

அவர் வாழ்வின் திருப்பம் 1952ஆம் ஆண்டு எனலாம். அவ்வாண்டு, நேபாளத்தின் வழியாக எவரெஸ்ட்டை நாடிய சுவிற்சர்லாந்துக் குழுவினர், அவரைச் சிர்தாராக மட்டுமன்றி மலையேறும் வீரருள் ஒருவராகவும் ஏற்றுக்கொண்டனர். சுமப்பவன், ஏறுபவன் என்று அதுகாறும் இருந்த பிரிவு அன்று தளர்ந்தது. பனிக்கடுப்பினாற் கால்விரல்களை இழந்திருந்த ரேமண்ட் லாம்பேர் அவருக்குத் துணை. ஒருவர் மொழியை மற்றவர் நன்கறியார். இருந்தும் ஒரே கயிற்றிற் பிணைந்து, 1952 மே 28ஆம் நாள் ஏறத்தாழ 28,200 அடி உயரத்தை எட்டினர். அதுகாறும் எவரும் அடைந்ததாக அறியப்படாத உயரம் அது. மேலே சென்றால் உயிரோடு மீளல் அரிதெனக் கண்டு இருவரும் திரும்பினர். திரும்பும் காலத்தை அறிந்து திரும்புதலும் வழிகாட்டியின் அறிவேயாகும்.

அடுத்த ஆண்டு ஜோன் ஹண்ட் தலைமையில் ஆங்கிலேயக் குழு வந்தது. அதன் சிர்தார் தென்சிங். மலையேறும் அணியிலும் அவர் ஒருவர். தொடக்கத்திலேயே ஒரு கசப்பு நேர்ந்தது. காத்மாண்டு நகரிலே பிரித்தானியத் தூதரகத்தில் வெள்ளையர்க்கு அறைகளும் ஷெர்பாக்களுக்கு முன்னர்க் குதிரைக் கொட்டிலாயிருந்த வண்டிக் கொட்டகையும் ஒதுக்கப்பட்டன. ஷெர்பாக்கள் சினந்தனர். தென்சிங் அவரைவிட்டுப் பிரியாது அக்கொட்டகையிலேயே தங்கினார். எனினும், மேற்கொண்ட பணியைக் கைவிட்டாரல்லர். 350க்கு மேற்பட்ட சுமையாளர் முதுகிற் பொருள்கள் நகர்ந்தன. பனியாற்றின் பிளவொன்றில் எட்மண்ட் ஹில்லாரி வீழ்ந்தபோது, தென்சிங் நொடிப்பொழுதிற் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கி அவரைக் காத்தார். நியூசிலாந்தில் தேனீ வளர்க்கும் தொழிலினரான ஹில்லாரியும் இவரும் இணைபிரியா ஏற்றத் துணைவராயினர்.

மே 26ஆம் நாள் முதலிருவர் தென்கொடுமுடி வரை சென்று, களைத்து மீண்டனர். 28ஆம் நாள் ஏறத்தாழ 27,900 அடி உயரத்தில் ஹில்லாரியும் தென்சிங்கும் கூடாரம் அமைத்தனர். அவ்வுயரம் வரை சுமை கொணர்ந்து தந்து கீழிறங்கியோர் லோ, கிரெகரி, ஆங் நியிமா என்னும் மூவர். மறுநாட் காலை ஹில்லாரியின் காலணிகள் உறைந்து கல்லாயிருந்தன. அவற்றை அடுப்பிற் காட்டி இளக்கி, ஆறரை மணியளவிற் புறப்பட்டனர். 1953 மே 29, முற்பகல் 11.30 மணி. அதற்குமேல் ஏற மலையில்லை. கால்மணி நேரம் அங்கே நின்றனர். ஐக்கிய நாடுகள், பிரித்தானியா, நேபாளம், இந்தியா ஆகிய கொடிகள் கட்டிய பனிக்கோடரியைத் தென்சிங் உயர்த்திப் பிடிக்க, ஹில்லாரி படமெடுத்தார். லாம்பேர் அன்பளித்த செந்நிறக் கழுத்துத்துணியை அன்று தென்சிங் அணிந்திருந்தார். இனிப்புப் பண்டங்களையும் தம் மகள் நிமா தந்த சிறு பென்சிலையும் பனியிற் புதைத்து வணங்கினார். எழுத்தறியாத தந்தை உலகின் உச்சியில் மகளின் பென்சிலை வைத்து மீண்டார் என்பதை மாணவர் நினைவிற் கொள்வாராக.

மலையிலிருந்து இறங்கியவரைக் காத்திருந்தது புகழ் மட்டுமன்று, பூசலுங்கூட. முதலிற் கால் வைத்தவர் யாவர் என்று ஊரெங்கும் வினவினர். அவர் நேபாளியரா, இந்தியரா என்று இரு நாட்டாரும் உரிமை கொண்டாடினர். இருவரும் ஏறத்தாழ ஒருங்கே அடைந்ததாக ஓர் அறிக்கையிற் கைச்சாத்திட்டு அமைதி காத்தனர். கயிற்றிற் பிணைந்தோர்க்கு முன் பின் என்பது இல்லை என்பதே அவர்தம் கருத்து. ஆயினும் ஐயம் தீராமையால், 1955இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில், சில அடிகள் முன்னாகச் சென்றவர் ஹில்லாரியே எனத் தென்சிங் ஒளியாது உரைத்தார். தம்மை உயர்த்தக்கூடிய பொய்யை விடுத்து, பிறர்க்குரிய உண்மையைச் சொன்ன அத்துணிவை எவரெஸ்ட் ஏறிய துணிவுக்கு இணையாகவே நாம் மதிக்கின்றோம். ஹண்டுக்கும் ஹில்லாரிக்கும் பிரித்தானிய அரசு சேர் பட்டம் அளித்தது. தென்சிங்குக்குக் கிடைத்தது ஜோர்ஜ் பதக்கம். இவ்வேற்றுமையைக் குறித்துப் பலர் மனம் வருந்தினர். 1959இல் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்து அவரைப் பெருமைப்படுத்தியது.

பட்டத்தினும் பெரிய பணியொன்று அவரைக் காத்திருந்தது. பிரதமர் நேருவும் மேற்கு வங்க முதலமைச்சர் பி. சி. ராயும் காட்டிய ஊக்கத்தால், 1954 நவம்பர் 4ஆம் நாள் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அது முதலில் இயங்கிய ராய் வில்லா என்னும் மனை, 1911ஆம் ஆண்டில் சகோதரி நிவேதிதை இறுதி மூச்சு விட்ட இல்லமாகும். களப்பயிற்சி இயக்குநராக அமர்ந்த தென்சிங், அதற்குமுன் தாமே மாணவராகிச் சுவிற்சர்லாந்தில் ஆர்னோல்ட் கிளாட்ஹார்ட் என்பாரிடம் பயிற்றுமுறை பயின்று வந்தார். உலகின் உச்சியிலிருந்து இறங்கிய பின்னும் கற்கத் தலைவணங்கிய பண்பு இது. கயிற்றில் முடிச்சிடல், பனியிற் படி வெட்டல், வீழ்வாரைத் தாங்கல் ஆகியவற்றை 1976 வரை அவர் பயிற்றினார். அங்கே பயிற்றாசிரியராயிருந்த அவர்தம் மருமகன் நவாங் கோம்பு, 1963இலும் 1965இலும் எவரெஸ்ட்டில் ஏறி, அதனை இருமுறை அடைந்த முதல்வரானார்.

ஓய்வுபெற்றபின் 1978இல், மலைநடை செல்வோரை அழைத்துச் செல்லும் நிறுவனமொன்றை நிறுவினார். 1986 மே 9ஆம் நாள் டார்ஜிலிங்கில் அவர் காலமானார். தாம் பணியாற்றிய கழக வளவிலேயே அவருடல் தகனம் செய்யப்பட்டது. அவர் மகன் ஜம்லிங் 1996இல் எவரெஸ்ட் ஏறினார். 2016 மே 21ஆம் நாள் ஜயந்தி குரு உத்தும்பால என்னும் இலங்கைப் பெண்மணி, இந்நாட்டவருள் முதல்வராக அவ்வுச்சியை அடைந்தார். அவருக்கும் ஷெர்பா ஒருவரே வழித்துணை. மற்றொரு பக்கமும் உண்டு. 2014 ஏப்பிரல் 18ஆம் நாள் பிறர்க்காக வழியமைக்கச் சென்ற பதினாறு நேபாளத் தொழிலாளர் பனிச்சரிவில் மாண்டனர். உச்சியடைந்தார் பெயரை ஏடுகள் எழுதுகின்றன. சுமந்தார் பெயரோ பெரும்பாலும் பனியிலேயே மறைகின்றது.

நம் கரையில் கரைவலை இழுப்பதை எல்லோரும் கண்டிருப்போம். கயிற்றின் முன்னே நிற்பவனும் பின்னே நிற்பவனும் ஒருங்கே இழுத்தாலன்றி மீன் கரை சேராது. கல்லூரியும் அத்தகையதே. பரீட்சையிற் சித்தியெய்தி வைத்தியராயும் பொறியியலாளராயும் உயர்ந்த பழைய மாணவர் பெயர்கள் மண்டபச் சுவரிற் பொறிக்கப்படுகின்றன, அது தகும். அவரை அவ்வுயரத்துக்குச் சுமந்த ஆசிரியர், காணி ஈந்த ஊரவர், காலையில் வாயில் திறந்த காவலாளர் ஆகியோர் எச்சுவரில் உளர்? இவ்விழா ஆண்டில் அவர்களையும் நினைத்துப் போற்றுவது நம் கடன். உயர்ந்தோர், தம்மைத் தாங்கிய கயிற்றைக் கீழே நிற்கும் இளையோர்க்கு நீட்டுவாராக. வழிகாட்டிகளை மறவாத கல்லூரியிலேயே நாளைய வழிகாட்டிகள் தோன்றுவர்.