யார் இந்த ஜிம் மோரிசன்? ஆறே ஆண்டுகளில் உச்சம் தொட்டு அடங்கிய 'தி டோர்ஸ்' பேண்டின் கதை

பாரிஸ் நகரின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் ஆஸ்கர் வைல்ட் இருக்கிறார், பால்சாக் இருக்கிறார், ஷோபான் இருக்கிறார். ஆனா கூட்டம் தாங்காமல் தடுப்பு வேலி போட வேண்டிய நிலை வந்தது ஓர் அமெரிக்க ராக் பாடகரின் கல்லறைக்குத்தான். அங்கிருந்து 1988-ல் திருடுபோன அவருடைய மார்பளவுச் சிலை, வேறொரு வழக்கு விசாரணையின்போது 2025 மே மாதம் பிரெஞ்சு போலீஸ் கையில் கிடைத்தது. 37 வருஷம் கழித்துக் கிடைத்த ஒரு கல் சிலை உலகம் முழுக்கச் செய்தியானது.

அந்தப் பாடகர் ஜிம் மோரிசன். 'தி டோர்ஸ்' என்ற ராக் பேண்டின் குரல். அவர் இறந்தபோது வயது 27 மட்டுமே. அரை நூற்றாண்டு தாண்டியும் அவரைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை. அவர் யார், அந்த பேண்ட் எப்படி எழுந்தது, ஏன் அவ்வளவு சீக்கிரம் அடங்கியது? பார்ப்போம்.

அட்மிரல் வீட்டுப் பிள்ளை

ஜேம்ஸ் டக்ளஸ் மோரிசன் 1943 டிசம்பர் 8 அன்று ஃப்ளோரிடா மாநிலத்தின் மெல்போர்ன் நகரில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் ஸ்டீபன் மோரிசன் அமெரிக்கக் கடற்படை அதிகாரி, பின்னாளில் ரியர் அட்மிரல். வியட்நாம் போரில் அமெரிக்கா முழுமையாக இறங்கக் காரணமான 1964 டோன்கின் வளைகுடா சம்பவத்தின்போது அங்கிருந்த அமெரிக்கக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான்.

அப்பாவுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் குடும்பமும் மூட்டை கட்டியது. ஊர் ஊராகப் பள்ளி மாறிய பையனுக்குப் புத்தகங்கள்தான் நிரந்தர நண்பர்கள். நீட்சே, ரிம்போ, வில்லியம் பிளேக், ஜாக் கெரோவாக் என்று பதின்ம வயதிலேயே படித்துத் தள்ளினார். ஃப்ளோரிடாவில் கல்லூரியில் சேர்ந்தவர், 1964-ல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிளம்பி அங்குள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். பாட்டு கற்றவர் இல்லை, எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. அவருடைய ஆசை கவிஞராவது.

பிறகு பேண்ட் பிரபலமானபோது, தன் பெற்றோர் இறந்துவிட்டதாகவே பத்திரிகைகளுக்கான குறிப்பில் எழுதிக் கொடுத்தார். இருவரும் உயிரோடு இருந்தார்கள். போர்க்கப்பல் தளபதியின் மகன் போர் எதிர்ப்புப் பாட்டு பாடிய காலம் அது. அந்த வீட்டுக்குள் விழுந்த விரிசல் அவர் வாழ்நாளில் சேரவே இல்லை.

நாலு பேர், நாலு விதமான இசை

1965 கோடையில் வெனிஸ் கடற்கரையில் மோரிசன் தன் கல்லூரித் தோழர் ரே மான்சரெக்கைச் சந்தித்தார். எழுதி வைத்திருந்த பாடல்களைப் பாடிக் காட்டினார். அதைக் கேட்ட மான்சரெக் பேண்ட் தொடங்கலாம் என்று முடிவெடுத்துவிட்டார். மற்ற இருவரும் எங்கிருந்து வந்தார்கள் தெரியுமா? மகரிஷி மகேஷ் யோகியின் தியான வகுப்பிலிருந்து. டிரம்மர் ஜான் டென்ஸ்மோரும் கிடாரிஸ்ட் ராபி க்ரீகரும் மான்சரெக்குக்கு அறிமுகமானது அந்த வழியில்தான். பீட்டில்ஸ் ரிஷிகேஷ் வருவதற்கு இரண்டரை வருஷம் முந்தைய கதை இது.

பெயரை ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'தி டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்' நூலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஹக்ஸ்லி அந்தத் தலைப்பை வில்லியம் பிளேக்கிடமிருந்து எடுத்திருந்தார்.

சரி, இவங்க இசையில் என்ன புதுசு? ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையிலிருந்து வந்தவர்கள் என்பதுதான். சிகாகோவில் வளர்ந்த மான்சரெக்குக்கு செவ்வியல் பியானோவும் ப்ளூஸும் பழக்கம். டென்ஸ்மோர் ஜாஸ் டிரம்மர் எல்வின் ஜோன்ஸின் பக்தர். க்ரீகர் கற்றது ஸ்பெயினின் ஃபிளமெங்கோ கிடார். அதனால் பிளெக்ட்ரம் இல்லாமல் விரலாலேயே மீட்டுவார். மோரிசனிடம் இருந்ததோ கவிதையும் நாடகமும்.

இன்னொரு விசேஷம், மேடையில் பாஸ் கிடார் வாசிக்க ஆளே கிடையாது. மான்சரெக் இடது கையால் ஒரு சிறிய கீபோர்டில் பாஸ் பகுதியை வாசிப்பார், வலது கையால் ஆர்கன். ஸ்டுடியோவில் பல பாடல்களுக்கு வெளியாள் வந்து பாஸ் வாசித்தார்.

ரவி ஷங்கர் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய கின்னரா இசைப்பள்ளியிலும் க்ரீகரும் டென்ஸ்மோரும் பாடம் கேட்டிருக்கிறார்கள். 'தி எண்ட்' என்ற பதினோரு நிமிடப் பாடலின் கிடாரைக் கேட்டால் நம் காதுக்குச் சட்டென்று புரியும். கீழே தம்பூரா போல ஒரு சுருதி நிற்க, மேலே ஆலாபனை போல மெதுவாக விரிகிறது அந்தக் கிடார்.

கிளப்பிலிருந்து நம்பர் 1 வரை

ஆரம்பம் சுலபமாக இல்லை. கொலம்பியா நிறுவனம் ஒப்பந்தம் போட்டது, ஆனா எதையும் வெளியிடவில்லை. 1966-ல் 'லண்டன் ஃபாக்' என்ற சின்ன கிளப்பில் காலி நாற்காலிகளுக்கு வாசித்தார்கள். பிறகு 'விஸ்கி அ கோ கோ' கிளப்பில் தினசரி பேண்டாகச் சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் மோரிசன் கூட்டத்துக்கு முதுகு காட்டித்தான் பாடுவார். அவ்வளவு கூச்சம்.

அந்த கிளப்பில் இவர்களைப் பார்த்த எலெக்ட்ரா ரெக்கார்ட்ஸின் ஜாக் ஹோல்ஸ்மன் 1966 ஆகஸ்டில் ஒப்பந்தம் போட்டார். அதே மாதம் 'தி எண்ட்' பாடலின் நடுவே ஈடிபஸ் கதையை மோரிசன் பச்சையாகச் சொல்ல, கிளப் முதலாளி வேலையை விட்டே தூக்கிவிட்டார்.

முதல் ஆல்பம் 1967 ஜனவரியில் வந்தது. அதில் இருந்த கலவையைப் பாருங்கள். முதல் பாட்டின் தாளம் பிரேசிலின் போசா நோவா. இன்னொன்று ப்ளூஸ் மேதை வில்லி டிக்சன் எழுதியது. மற்றொன்று ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட், இசையமைப்பாளர் குர்ட் வைல் கூட்டணியின் பழைய நாடகப் பாட்டு. ஒரே தட்டில் இத்தனையும் இருந்தும் கேட்பவருக்கு ஒட்டுப்போட்ட மாதிரி தெரியவில்லை.

அதில் க்ரீகர் பெரும்பகுதி எழுதிய பாடல் 'லைட் மை ஃபயர்'. பாக் பாணியில் ஓர் ஆர்கன் தொடக்கம், நடுவில் ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ் வாசிப்பை ஒட்டிய நீண்ட தனி ஆவர்த்தனம் என்று ஏழு நிமிடம் ஓடும். ரேடியோவுக்காக அந்த நடுப்பகுதியை வெட்டி மூன்று நிமிடத்துக்குள் சுருக்கினார்கள். 1967 ஜூலையில் பில்போர்டு பட்டியலில் முதலிடம், மூன்று வாரம் அங்கேயே.

செப்டம்பரில் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. போதையைக் குறிப்பதாகத் தோன்றிய ஒரு சொல்லை மாற்றிப் பாடச் சொன்னார்கள். மோரிசன் மாற்றாமல் பாடினார். அந்த நிகழ்ச்சியின் வாசல் அதோடு மூடியது.

சமபங்கு என்ற ஒப்பந்தம்

இந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பாட்டை யார் எழுதினாலும் பெயர் பேண்டுக்கு, பணம் நாலு பேருக்கும் சமம். எந்த முடிவானாலும் நாலு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஆனா உலகம் நாலு பேரைப் பார்க்கவில்லை. தோல் பேண்ட், சுருள் முடி, அழகான முகம் என்று ஒருவரை மட்டுமே பார்த்தது. கவிஞராக நினைத்துக்கொண்டவரை விளம்பரப் படமாக்கியது. மோரிசனுக்கு அது பிடிக்கவும் செய்தது, எரிச்சலாகவும் இருந்தது. அந்த இடைவெளியை அவர் மதுவால் நிரப்ப ஆரம்பித்தார்.

1968-ல் 'வெயிட்டிங் ஃபார் தி சன்' ஆல்பமும் 'ஹலோ, ஐ லவ் யூ' பாட்டும் முதலிடம் பிடித்தன. வெளியே உச்சம், உள்ளே சரிவு. குடித்துவிட்டு ஒலிப்பதிவுக்கு வருவார், சில நாள் வரவே மாட்டார். அதே வருஷம் அவர் ஊரில் இல்லாத நேரத்தில் மற்ற மூவரும் 'லைட் மை ஃபயர்' பாட்டைப் பியூக் கார் விளம்பரத்துக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். திரும்பி வந்த மோரிசன் கொதித்துப்போனார். அவர் அந்தப் பாட்டின் முக்கிய ஆசிரியர்கூட இல்லை. ஆனாலும் நம்பிக்கை உடைந்துவிட்டது.

1969-ல் 'தி சாஃப்ட் பரேட்' ஆல்பத்தில் முதன்முறையாகப் பாடல்களுக்குத் தனித்தனிப் பெயர் போட்டார்கள். க்ரீகர் எழுதிய ஒரு பாட்டில் துப்பாக்கி ஏந்தச் சொல்லும் வரி தன் பெயரில் வருவதை மோரிசன் விரும்பவில்லை. நாலு பேர் ஒரே பெயரில் நின்ற காலம் அங்கே முடிந்தது.

மயாமியில் அந்த இரவு

போலீஸோடு மோதல் அவருக்குப் புதிதல்ல. 1967 டிசம்பரில் நியூ ஹேவன் நகரில் மேடைக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர் அவர் முகத்தில் எரிச்சலூட்டும் ஸ்ப்ரே அடித்தார். மோரிசன் மேடையேறி நடந்ததைச் சொல்லிக் கிண்டலடிக்க, பாடிக்கொண்டிருந்தபோதே கைது செய்தார்கள்.

ஆனா 1969 மார்ச் 1, மயாமியில் நடந்தது எல்லாவற்றையும் மாற்றியது. கொள்ளளவை மீறிய கூட்டம், தாங்க முடியாத புழுக்கம். மோரிசன் தாமதமாக, போதையில் வந்தார். பாடியதைவிடக் கூட்டத்தைத் திட்டியதும் சீண்டியதும்தான் அதிகம். மேடையில் ஆடையை அவிழ்த்து ஆபாசமாக நடந்துகொண்டார் என்று சில நாளில் வாரன்ட் பிறந்தது. அன்று எடுத்த எத்தனையோ படங்களில் ஒன்றுகூட அதை நிரூபிக்கவில்லை. பேண்டின் மற்ற மூவரும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றே கடைசிவரை சொன்னார்கள்.

விளைவு? அடுத்தடுத்த ஊர்களில் கச்சேரிகள் ரத்தாகின. ரேடியோக்கள் பாட்டைப் போட மறுத்தன. மயாமியிலேயே ஒழுக்கம் காக்கப் பேரணி என்று சுமார் 30,000 பேர் கூடினார்கள். 1970 செப்டம்பரில் நீதிமன்றம் பெரிய குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, இரண்டு சிறு குற்றங்களில் தண்டித்தது. ஆறு மாதச் சிறை, 500 டாலர் அபராதம். மேல்முறையீட்டுக்காக ஜாமீனில் வெளியே வந்தார்.

தீர்ப்பு வந்த அந்த இலையுதிர் காலத்தில்தான் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் ஜானிஸ் ஜாப்லினும் 16 நாள் இடைவெளியில் இறந்தார்கள். இருவருக்கும் வயது 27.

கடைசி ஆல்பம், பாரிஸ், மரணம்

ஆச்சரியம் என்னவென்றால், இந்த இடிபாடுகளுக்கு நடுவில்தான் பேண்ட் மீண்டும் நன்றாக வாசித்தது. 1970-ல் வந்த 'மோரிசன் ஹோட்டல்' ஆல்பத்தில் ப்ளூஸுக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆல்பத்துக்கான பாடல்கள் பிடிக்காமல் தயாரிப்பாளர் பால் ராத்சைல்ட் விலகிக்கொண்டார். கவலைப்படாமல் தங்கள் ஒத்திகைக் கூடத்தையே ஸ்டுடியோவாக்கினார்கள். அங்கிருந்த குளியலறையில் நின்று மோரிசன் பாடினார். அப்படி உருவானதுதான் 1971 ஏப்ரலில் வந்த 'எல்.ஏ. வுமன்'. அதன் கடைசிப் பாட்டு 'ரைடர்ஸ் ஆன் தி ஸ்டார்ம்'. மழையும் இடியும் கேட்கும், எலெக்ட்ரிக் பியானோ தூறலாக விழும். மோரிசன் பாடியதன்மேல் அவரே கிசுகிசுத்த இன்னொரு குரலையும் சேர்த்திருப்பார்கள்.

ஆல்பம் வெளிவருமுன்பே, மார்ச் மாதம் அவர் துணைவி பமேலா கோர்சனோடு வாழ பாரிஸ் போய்விட்டார். பாட்டை விட்டுவிட்டுக் கவிதை எழுத வேண்டும் என்பது எண்ணம். ஜூலை 3 அன்று வாடகை வீட்டின் குளியல் தொட்டியில் உயிரற்றுக் கிடந்தார். இதயச் செயலிழப்பு என்று பதிவானது. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. சந்தேகங்கள் இன்றுவரை முளைத்துக்கொண்டிருப்பது அதனால்தான். அடக்கம் முடியும்வரை வெளி உலகுக்குச் சொல்லவும் இல்லை. பமேலாவும் 1974-ல் இறந்தார், அவருக்கும் வயது 27.

குரல் போன பிறகு

மற்ற மூவரும் உடனே கலைந்துவிடவில்லை. தாங்களே பாடி இரண்டு ஆல்பங்கள் போட்டார்கள். கேட்க ஆள் இல்லை. 1973-ல் பேண்ட் கலைந்தது.

திரும்ப உயிர் கொடுத்தது சினிமா. 1979-ல் வியட்நாம் போரைப் பற்றிய 'அபோகலிப்ஸ் நௌ' படத்தின் தொடக்கத்தில், காடு பற்றியெரியும் காட்சிக்கு இயக்குநர் கொப்போலா 'தி எண்ட்' பாடலை வைத்தார். புதிய தலைமுறை ஆல்பங்களைத் தேடி வாங்கியது. 1991-ல் ஆலிவர் ஸ்டோன் முழுநீளப் படமே எடுத்தார், வால் கில்மர் மோரிசனாக நடித்தார்.

சமபங்கு ஒப்பந்தம் மறுபடி தலைதூக்கியது அதற்குப் பிறகுதான். மான்சரெக்கும் க்ரீகரும் 2002-ல் வேறு பாடகரை வைத்து டோர்ஸ் பெயரில் ஊர் ஊராகக் கச்சேரி செய்ய, டென்ஸ்மோர் வழக்குப் போட்டார். கேடிலாக் கார் விளம்பரத்துக்கு வந்த 1.5 கோடி டாலர் பேரத்தையும் அவர் ஒருவரே தடுத்தார். மோரிசன் உயிரோடு இருந்தால் சம்மதித்திருக்க மாட்டார் என்பது அவர் வாதம். அந்த வழக்கில் டென்ஸ்மோர் பக்கம் சேர்ந்தவர்களில் மோரிசனின் பெற்றோரும் உண்டு. மகன் உயிரோடு இருந்தபோது விலகிப்போன அட்மிரல், மகன் காத்த பெயருக்காக நீதிமன்றம் வந்தார். 2005-ல் டென்ஸ்மோர் ஜெயித்தார்.

மயாமி வழக்கு? மேல்முறையீடு முடியுமுன்பே மோரிசன் இறந்துவிட்டதால் குற்றவாளி என்ற பெயர் அப்படியே நின்றது. 2010 டிசம்பர் 9 அன்று ஃப்ளோரிடா மாநிலம் அவருக்கு அதிகாரப்பூர்வமாக மன்னிப்பு வழங்கியது. முந்தைய நாள்தான் அவருடைய 67-வது பிறந்தநாள். அப்பா ஜார்ஜ் மோரிசன் இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது.